துறைமுக வாசலில் மூவாயிரம் மீற்றர்

ஆழ்கடல் என்றதும் கரையை விட்டுப் பல நாள் ஓடிப் போய்ச் சேரவேண்டிய இடம் என்றே நினைக்கிறோம். வடக்கே இருப்பவர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் பொருந்தும். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீற்றரைத் தாண்டாது. திருகோணமலையில் கதையே வேறு. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கின் தலை தொடங்கிவிடுகிறது. மூதூருக்கும் கோட்டைமுனைக்கும் இடைப்பட்ட நீரில் வழியெடுத்து, கிளைகளைச் சேர்த்துக்கொண்டு, வங்காள விரிகுடாவின் அடித்தளம் வரை அது இறங்குகிறது. துறைமுகம் இத்தனை ஆழமாக இருப்பதற்கும், பெரிய போர்க்கப்பல்கள் கரையை ஒட்டி நங்கூரமிட முடிந்ததற்கும் காரணம் அதுதான். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இதை விட்டுக் கொடுக்காமல் வைத்திருந்ததும் சும்மா இல்லை.

இந்தப் பள்ளத்தாக்குத் தொகுதி உலகின் மிகப்பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளின் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது. அதன் ஆழம் ஏறக்குறைய 3350 மீற்றர் வரை போகிறது. சுவர்கள் சில இடங்களில் 1350 மீற்றர் உயரம். 2524 மீற்றர் உயரமான பீதுறுதாலகாலை மலையை அதற்குள் இறக்கி வைத்தால், உச்சிக்கு மேலே இன்னும் எண்ணூறு மீற்றர் தண்ணீர் நிற்கும். சுவர்களின் கல்லும் கவனிக்க வேண்டியது. உலகின் பல கடலடிப் பள்ளத்தாக்குகள் சேற்றையும் மென்பாறையையும் அறுத்து உருவானவை. இது இலங்கைத் தீவின் உடலாகவே இருக்கும் பழைய பளிங்குருப் பாறையை வெட்டிக்கொண்டு போகிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையில் நின்று பார்க்கும் செங்குத்துப் பாறையின் உறவுக்கல்தான் நீருக்கடியிலும் தொடர்கிறது.

இதைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி எதிரொலியையும் வலையில் சிக்கியதையும் வைத்து எழுதப்பட்டது. விளக்கைப் பிடித்து முகம் பார்த்து எழுதியது மிகக் குறைவு. இத்தனை கிட்ட இருக்கும் ஆழத்தைப் பார்க்க ரோபோ ஊர்திகளால் எந்த அளவுக்கு முடியும், யாருடைய ஊர்திகளால், என்ன நிபந்தனையில் என்பவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

முதலில் இங்கே ஆழத்தைத் துழாவியவர்கள் வலை போட்டவர்கள். 1881இல் பம்பாயில் கட்டப்பட்ட 'இன்வெஸ்டிகேற்றர்' என்ற அளவைக் கப்பல் வங்காள விரிகுடா முழுவதும் வாரி வலை இழுத்தது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் 1888 முதல் சில ஆண்டுகள் இருந்த அல்ஃபிரட் அல்கொக், பின்னர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரானார். திருகோணமலைக்கு அப்பால் சில நூறு பாக ஆழத்தில் கிடைத்த இறால், நண்டு, மீன் வகைகள் அக்கப்பலின் பட்டியல்களில் இடம்பெற்றன. ஆனால் வாரி வலைக்கு ஒரு குணம் உண்டு. சமதளச் சேற்றில் நன்றாக வாரும். பாறைச் சுவரில் மாட்டிக் கிழியும். கிழியாமல் மேலே வந்தாலும், சொறிமுட்டை போன்ற உடம்புள்ளவை கூழாகித்தான் வரும். ஆகவே அந்தப் பட்டியல்கள் சேற்றுத் தரையில் வாழும் கெட்டியான உயிர்களின் பட்டியல்கள். பள்ளத்தாக்கின் சுவர் அப்போதும் தப்பிவிட்டது.

அடுத்த கட்டம் 1964. சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணங்களின் பகுதியாக அமெரிக்கக் கரையோர அளவைத் துறையின் 'பயனியர்' கப்பல் இங்கே வந்தது. ஹரிஸ் ஸ்டூவர்ட், ரொபர்ட் டீற்ஸ், பிரான்சிஸ் ஷெப்பர்ட் ஆகியோர் திருகோணமலைப் பள்ளத்தாக்குகளைப் பற்றி எழுதினார்கள். டீற்ஸ், கடலடித்தரை விரிகிறது என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர். ஷெப்பர்ட் கடலடிப் பள்ளத்தாக்குகளுக்காகவே ஆயுளைச் செலவிட்டவர். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறு அறுத்ததா, பாறைப் பிளவு வழிவிட்டதா, மணலும் சேறும் கலந்த நீரோட்டங்கள் தேய்த்தனவா என்ற வழக்கில் திருகோணமலை அவர்களுக்கு நல்ல சாட்சி. ஆயினும் அன்றைய எதிரொலிமானி ஒரே ஒரு கற்றையைக் கூம்பாகக் கீழே அனுப்பும். இரண்டாயிரம் மீற்றர் ஆழத்தில் அந்தக் கூம்பின் அடி மிக அகன்றுவிடும். பக்கச் சுவரில் பட்ட ஒலி அடித்தரை ஒலிக்கு முன்பே திரும்பி வந்துவிடும். குறுகிய பள்ளத்தாக்கு உண்மையில் இருப்பதைவிட ஆழம் குறைந்ததாகவும் மொழுக்கென்றும் பதிவாவது இதனால்தான். பல கற்றைகளை விசிறியாக வீசும் இன்றைய மல்ரிபீம் சோனார் இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தாலும், மேற்பரப்பில் மிதக்கும் கப்பலிலிருந்து பார்க்கும்போது செங்குத்துச் சுவரும் துருத்திய பாறைக்கு அடியிலுள்ள குகையும் மறைந்தே கிடக்கும்.

இதற்கிடையே சுழியோடிகளும் வந்தார்கள். ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் சுவாமிமலை அடிவாரத்தில் இறங்கிப் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் சிற்பங்களையும் கண்டது ஊரறிந்த கதை. விண்வெளியை எழுதிய மனிதர் இலங்கைக்கு வந்து தங்கியது கடலுக்குள் இறங்கத்தான் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஆனால் சுழியோடிக்கு உடம்பு வகுத்த எல்லை உண்டு. பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து தரை இன்னும் சரிந்துகொண்டே போயிற்று.

அந்தச் சரிவுக்குள் தினமும் இறங்கி ஏறுபவை ஸ்பேர்ம் திமிங்கிலங்கள். 1982 முதல் 1984 வரை 'ரியூலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் ஹல் வைற்ஹெட் தலைமையிலான குழு திருகோணமலைக்கு வெளியே அவற்றைப் பின்தொடர்ந்தது. நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, திமிங்கிலம் எழுப்பும் 'டிக், டிக்' ஓசையைக் கேட்டுக்கொண்டு இரவும் பகலும் கூடவே போனார்கள். ஆயிரம் மீற்றர் ஆழத்துக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் போய்க் கணவாய் தின்று வரும் விலங்கு கரைக்கு இத்தனை கிட்ட வருகிறது என்றால், கீழே தீனி தாராளமாக இருக்கிறது என்று பொருள். அந்தத் தீனி என்ன, எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் என்ற விவரம் திமிங்கிலத்துக்குத்தான் தெரியும். 1983க்குப் பிறகு இக்கடல் போர்க்கடலாயிற்று. கடற்தொழிலாளர் கரையைவிட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதையே கட்டுப்பாடுகள் தீர்மானித்த காலத்தில் ஆராய்ச்சியைப் பற்றி யார் பேசுவது?

ரோபோ ஊர்திகளில் இங்கே கணக்கில் எடுக்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, கப்பலோடு கேபிளால் கட்டப்பட்டது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஆர்.ஓ.வி. என்பார்கள். மின்சாரம் மேலிருந்து கீழே போகும், காணொளி கீழிருந்து மேலே வரும். மேலே கப்பலில் உட்கார்ந்திருப்பவர் விசைப்பிடியால் ஓட்டுவார், இயந்திரக் கையால் கல்லையும் உயிரையும் எடுப்பார். மற்றது ஏ.யூ.வி., கட்டில்லாதது, கொடுத்த திட்டப்படி தானே ஓடித் திரும்பும். கட்டு ஏன் வேண்டும் என்றால், வானொலி அலை கடல்நீரில் சில மீற்றருக்குள்ளேயே செத்துவிடும். கட்டில்லாத ஊர்தியோடு பேச ஒலி ஒன்றே வழி. ஒலியில் ஒழுங்கான காணொளியை அனுப்ப முடியாது. தான் எங்கே நிற்கிறோம் என்பதற்கும் அதனிடம் செய்மதி உதவி இல்லை. தரைக்கு ஒலியை அனுப்பித் தன் வேகத்தைக் கணித்து, அதைக் கூட்டிக் கூட்டி இடத்தை ஊகிக்கும். சமதளத்தில் இது அழகாக நடக்கும். பள்ளத்தாக்கின் விளிம்பைத் தாண்டியதும் கீழே தரை இல்லாமற்போகும், முன்னே சுவர் எழும்பும், கணக்கு குழம்பும். கேபிள் கட்டிய ஊர்திக்கோ துருத்திய பாறையில் கேபிள் சிக்கும் பயம். பள்ளத்தாக்குகளுக்குள் கடல்வற்றுப் பெருக்கோடு நீரோட்டம் மேலும் கீழும் அடிப்பது இரண்டுக்கும் பொதுவான தொல்லை.

மூன்றாயிரம் மீற்றரில் அமுக்கம் முந்நூறு வளிமண்டலம். காற்று நிரப்பிய மிதவை அங்கே நசுங்கிவிடும். நுண்ணிய கண்ணாடிக் கோளங்களைப் பிசினில் கலந்து இறுக்கிய நுரைக்கட்டிதான் ஊர்தியை மிதக்க வைக்கிறது. அப்படியும் கடல் தன் பங்கைக் கேட்கும். 1995இல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ஜப்பானின் 'கைக்கோ' 2003இல் கேபிள் அறுந்து தொலைந்தது. அமெரிக்காவின் 'நெரியஸ்' 2014இல் கெர்மடெக் அகழியில் 9900 மீற்றரில் உடைந்து போனது. திருகோணமலைக்கு இத்தனை வலிய ஊர்தி தேவையில்லை என்பது நமக்கு ஆறுதல்.

இந்த ஊர்திகள் எவ்வளவு மெதுவானவை என்பதையும் சொல்ல வேண்டும். விளக்கொளி சில மீற்றர்தான் எட்டும். நாள் முழுக்க ஓட்டினாலும் பார்ப்பது ஒரு மெல்லிய கீற்று. 2025 மே மாதம் கேட்டி குரோஃப் பெல் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப் பார்த்தது. மனிதர் கண்ணாலோ கமராவாலோ கண்டிருக்கும் ஆழ்கடல் தரை, மொத்தத்தில் 0.001 சதவீதத்துக்கும் குறைவு. பரப்பாகச் சொன்னால் ஏறக்குறைய 3800 சதுர கிலோமீற்றர்: திருகோணமலை மாவட்டத்தைப்போல் ஒன்றரை மடங்குகூட வராது. அந்தப் பதிவுகளில் 97 சதவீதம் அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய ஐந்து நாடுகளின் இறக்கங்கள். ஆழ்கடலில் என்ன வாழ்கிறது என்று பாடநூல் சொல்வதில் பெரும்பங்கு, இந்த ஐந்து நாடுகளின் கப்பல்களுக்கு வசதியான இடங்களில் என்ன வாழ்கிறது என்பதே.

வசதியான இடங்களில் தலையாயது கலிபோர்னியாவின் மொன்ரரே பள்ளத்தாக்கு. அளவிலும் அமைப்பிலும் திருகோணமலையோடு அடிக்கடி ஒப்பிடப்படுவதும் அதுதான். மொஸ் லாண்டிங் என்ற சிறு மீன்பிடித் துறைக்கு எதிரே, கரையோடேயே தொடங்குகிறது. கணினி நிறுவனமொன்றைத் தொடங்கிய டேவிட் பக்கார்ட் 1987இல் அங்கே ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே 'வென்ரானா' என்ற ஆர்.ஓ.வி. வேலைக்கு இறங்கியது. காலையில் புறப்பட்டு, ஆழத்தில் உலாவிவிட்டு, மாலையில் துறைக்குத் திரும்பும். உலகின் மற்ற ஆழ்கடல் ஆய்வாளர்கள் கப்பல் நேரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கையில், இவர்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். பருவம் மாறும்போது என்ன மாறுகிறது, பத்தாண்டில் என்ன மாறுகிறது என்று கேட்க முடிந்தது. வலையில் கூழாகிப் போன சொறி உயிர்கள் நடுக்கடலின் உணவுச் சங்கிலியில் எத்தனை பெரிய பங்கு வகிக்கின்றன என்பது இப்படிப்பட்ட பொறுமையான பார்வையில்தான் வெளியே வந்தது. பெரிய கப்பல் கொண்டுவரும் கண்டுபிடிப்புகளைவிட, திரும்பத் திரும்பப் போன சிறு படகு தந்த அறிவுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன்.

திருகோணமலைப் பள்ளத்தாக்குக்குள் அப்படிப் போனால் என்ன கேட்கலாம்? வங்காள விரிகுடாவில் ஏறக்குறைய நூறு மீற்றருக்குக் கீழிருந்து சில நூறு மீற்றர் தடிப்புக்கு ஒட்சிசன் மிகக் குறைந்த நீர்ப்படை நிற்கிறது. திறந்த கடலில் அது வெறும் தண்ணீர். இங்கே அது பாறைச் சுவரில் வந்து முட்டுகிறது. பிற நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கடற்பஞ்சுகளும் வெயிலே தேவைப்படாத குளிர்நீர் முருகைகளும் பற்றிக்கொள்ளும் இடம் இத்தகைய கற்சுவர்தான். மூச்சுத் திணறும் படைக்குள் எவை தாக்குப்பிடிக்கின்றன, படை முடியும் கோட்டுக்குக் கீழே எவை நெருக்கியடித்து நிற்கின்றன என்று ஒரு சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை படமெடுத்தாலே ஓரளவு விடை கிடைக்கும். கடல் சூடேறும்போது ஒட்சிசன் குறைந்த படை தடிக்கும் என்று உலகெங்கும் அஞ்சுகிறார்கள். அந்தக் கோடு இன்று எங்கே நிற்கிறது என்று குறித்து வைக்காமல் நாளை நகர்ந்ததா என்று சொல்ல முடியாது.

மகாவலி இன்னொரு கேள்வி. 335 கிலோமீற்றர் ஓடிவந்து நாட்டின் மிக நீண்ட ஆறு கலப்பது கொட்டியாரக் குடாவில், அதாவது பள்ளத்தாக்கின் தலைமாட்டில். மலையகத்து மண்ணும் இலைதழையும் இந்தக் குழாய் வழியே ஆழ்கடலுக்கு உணவாகப் போகின்றன என்று எதிர்பார்க்கலாம். 1976இல் பொல்கொல்லையும் 1980களில் கொத்மலை, விக்ரோறியா, ரந்தெனிகல அணைகளும் எழுந்தபின் அந்த மண்ணில் ஒரு பங்கு அணைக்குள் தங்கிவிடுகிறது. மறுபுறம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்தது போன்ற பெருவெள்ளம் சில நாளில் பல ஆண்டுக்கான சேற்றைக் கொண்டுவந்து தள்ளலாம். இப்படிச் சேர்ந்த சேறு ஒருநாள் சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆபிரிக்காவில் உதாரணம் உண்டு. 2020 ஜனவரியில் கொங்கோ ஆற்றின் கடலடிப் பள்ளத்தாக்கில் கிளம்பிய சேற்றோட்டம் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடி, தொலைத்தொடர்புக் கேபிள்களை அறுத்தது. அதற்கு முன் அங்கே பெருவெள்ளம் வந்திருந்தது. மகாவலி கொங்கோ அளவு ஆறு இல்லை. ஆனாலும் கடலடித்தரையில் வாழும் உயிர்களுக்குத் தங்கள் பள்ளத்தாக்கில் நடப்பதுதானே கணக்கு.

கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், கடல்வழியில் ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர் தொலைவில் சென்னையில் இருக்கிறது. பள்ளிக்கரணையில் 1993இல் தொடங்கிய தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 'ரோசப் 6000' என்ற ஆர்.ஓ.வி.யை 2010இல் மத்திய இந்து சமுத்திரத்தில் 5289 மீற்றர் வரை இறக்கியது. அதன் தன்னியக்க ஊர்தி 2024 டிசம்பரில் 4500 மீற்றர் ஆழத்தில் கொதிநீர் ஊற்றொன்றைப் படமெடுத்தது. மூன்று பேரை ஏற்றும் 'மத்ஸ்யா 6000' தயாராகிக்கொண்டிருக்கிறது; அதற்கான பயிற்சியாக 2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரெஞ்சு 'நோட்டில்' கலத்தில் நாலாயிரம், ஐயாயிரம் மீற்றருக்கு இறங்கித் திரும்பினார்கள். திறமையில் குறையில்லை. ஆனால் இந்த முயற்சிகளின் கண் பெரும்பாலும் கனிமத்தின் மேல்: நிக்கல், கோபால்ட், மங்கனீசுக் கட்டிகள். அயல்நாட்டுத் துறைமுகத்தின் வாசலில் கடற்பஞ்சு பார்க்க அந்தக் கப்பல் வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அஃபனசி நிகிற்றின் கடல்மலைக்கு இந்தியா 2024இல் ஆய்வு உரிமை கேட்டபோது, விரிந்த கண்டமேடைக்கு 2009இலேயே விண்ணப்பித்திருந்த இலங்கையும் அதன்மேல் கண் வைத்திருந்ததை இங்கே நினைவில் கொள்ளலாம்.

வெளிநாட்டுக் கப்பலை நம்பலாமா என்பது கடந்த சில ஆண்டுகளில் கடலைவிட அதிகமாகப் பத்திரிகைகளில் அலையடித்த விஷயம். 2022 ஆகஸ்டில் சீனாவின் 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் 'ஷி யான் 6' கொழும்புக்கு வந்து, இலங்கையின் நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவோடு சேர்ந்து ஆய்வு செய்தது. இந்தியா முகம் சுளித்தது. 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதியில்லை என்று இலங்கை அறிவிக்க, 'சியாங் யாங் ஹொங் 3' மாலைதீவுக்குப் போனது. இந்தச் சந்தேகத்தை வெறும் அரசியல் என்று தள்ள முடியாது. பள்ளத்தாக்கின் வடிவம், நீரின் வெப்பம், உப்பு, ஒலியின் வேகம் ஆகிய இதே தரவுகள்தான் நீர்மூழ்கி ஒளியவும் ஒளிந்ததைத் தேடவும் வேண்டியவை. 1942 ஏப்ரல் 9இல் குண்டுவீச்சைக் கண்ட துறைமுகம் இது. இன்றும் கடற்படைத் தளம். ஆனால் எல்லாரையும் தடுத்ததன் விளைவு என்ன? யாருக்கும் தரவு இல்லை, நமக்கும் இல்லை. கடல் சட்ட உடன்படிக்கையின்படி பொருளாதார வலயத்துக்குள் ஆய்வுக்குக் கரைநாட்டின் சம்மதம் வேண்டும். சம்மதத்தோடு நிபந்தனையும் போடலாம். இலங்கைக்கு 517,000 சதுர கிலோமீற்றர் கடல், நிலத்தைப்போல் எட்டு மடங்கு. அதில் கதவைச் சாத்துவதும் திறப்பதும் மட்டுமே கொள்கையாக இருப்பது போதாது.

என் தீர்ப்பு இதுதான்: திருகோணமலை பெரிய கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே ஆழம் கரைக்கு வந்திருப்பதால், சிறிய கருவிக்கும் வேலை உண்டு. முந்நூறு மீற்றர் வரை இறங்கக்கூடிய, இரண்டு பேர் தூக்கும் ஆர்.ஓ.வி.கள் இன்று கடையில் வாங்கும் பொருள். அவை பள்ளத்தாக்கின் தலையையும் கண்டமேடை விளிம்பையும் ஒட்சிசன் குறைந்த படையின் மேற்பகுதியையும் காட்டும். அதற்குக் கீழே, கட்டில்லாத இறக்குகமராக்கள். எடையைக் கட்டிப் போட்டால் தரையில் போய் நிற்கும். குறித்த நேரத்தில் எடையைக் கழற்றிவிட்டு மிதந்து மேலே வரும். 1500 மீற்றர் தாங்கும் 'மக்கா நியூ' என்ற மலிவான கமராவை, ஆழ்கடல் கப்பல் இல்லாத நாடுகளை மனதில் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு பலநாள் படகின் பின்தளமும் வலை இழுக்கும் சுழலியும் இதற்குப் போதும். மூவாயிரம் மீற்றர் அடித்தளத்தைப் பார்க்க வெளியார் கப்பல் வேண்டித்தான் வரும். அப்போது நம்மிடம் ஏற்கனவே சில ஆண்டுப் படங்கள் இருந்தால், எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நாம் இருப்போம். ஏழை நாடுகளின் கடலில் பரசூட்டில் குதித்துத் தரவை அள்ளிக்கொண்டு போகும் அறிவியலைப் பற்றித் திமிங்கில ஆய்வாளர் ஆஷா டி வோஸ் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். அதற்கு மாற்று மருந்து எதிர்ப்பறிக்கை அல்ல, உள்ளூர்ப் பதிவேடு.

ஆட்களும் இல்லாமல் இல்லை. நாரா 1981 முதல் இருக்கிறது. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கடற்படைக்குச் சுழியோடிகளும் பட்டறைகளும் உண்டு. எல்லாருக்கும் மேலாகத் திருக்கடலூர், சல்லி, மூதூர், கிண்ணியாக் கடற்தொழிலாளர்கள். தூண்டிற்கயிறு எத்தனை பாகத்தில் கல்லில் மாட்டுகிறது, எங்கே எப்போதும் அறுகிறது என்பதை அவர்கள் கரையடையாளம் வைத்துச் சொல்வார்கள். கயிறு மாட்டும் இடம் என்றால் கல். கல் என்றால் முருகையும் கடற்பஞ்சும் இருக்க வாய்ப்புண்டு. எந்த ஆய்வுத் திட்டமும் முதலில் செலவிட வேண்டியது இந்த வரைபடத்தைக் கேட்டு எழுதுவதற்குத்தான், அதுவும் கேட்டவருக்குப் பணமும் சொன்னவருக்கு நன்றியும் என்றில்லாமல்.

தொல்லைகள் இருக்கவே செய்யும். துறைமுக எல்லைக்குள் சோனார் இயக்கக் கடற்படையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எந்தத் துல்லியத்தில் வரைபடத்தை வெளியிடலாம் என்பதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். உயிர்களின் காணொளியை வெளியிட்டு, ஆழ அளவுகளைத் தடிப்பாக மட்டும் தருவது ஒரு நடுவழி. காணொளியை உட்கார்ந்து பார்த்து உயிரை அடையாளம் காண்பவர் கிடைப்பது கருவியைவிட அரிது. ஒரு மணி நேரப் படத்துக்குப் பல மணி நேர உழைப்பு போகும். அந்தச் சம்பளத்தைத் திட்டச் செலவில் எழுதாதவர்கள் வன்தட்டில் படத்தைச் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கடல் அடங்கியிருக்கும் காலம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. வாடை தொடங்கினால் சிறு படகு வேலைக்காகாது. ஆகவே கொட்டியாரக் குடாவுக்கு வெளியே, மீனவர் காட்டும் கல்லொன்றிலும் பள்ளத்தாக்கின் நடுச்சேற்றில் ஓரிடத்திலும், செப்டெம்பரில் ஒருமுறையும் மழைவெள்ளம் வடிந்த அடுத்த ஏப்ரலில் ஒருமுறையும் அதே கமராவை அதே ஆழத்துக்கு இறக்குவது முதல் ஆண்டுக்குப் போதுமான வேலை.